இன்னாத்துக்கு மேடம்

எதிரே உட்கார்ந்திருக்கும் வணிகவியல் ஆசிரியரின் கைப்பேசியை வாங்கி, திரையை விரலால் மேலே தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருக்கிறார் அஜ்மத் பேகம். கேண்டீன் மேசையில் அவருடைய டீ ஆடை கட்டிவிட்டது.

"டார்ச் லைட் ஆப்புதானே இது? இதுக்கு இன்னாத்துக்கு சார் உங்க காண்டாக்ட் எல்லாம்? லைட்டு எரியறதுக்கு உங்க மச்சான் நம்பர் வேணுமா?"

அவர் சிரிக்கிறார். பேகம் சிரிப்பதில்லை. அந்தச் செயலி என்றோ கேட்டு வாங்கி வைத்திருந்த அனுமதிகளை ஒவ்வொன்றாக அணைக்கிறார். பிறகு முந்தானையால் திரையைத் துடைத்துத் திருப்பித் தருகிறார். அதற்குள் பக்கத்து மேசையிலிருந்து இன்னொருவர் தன் கைப்பேசியை நீட்டிவிடுகிறார். டீ அப்படியே கிடக்கிறது.

வேங்கிக்காலைத் தாண்டி இருக்கும் எங்கள் கல்லூரியில் பேகம் கணினிப் பயன்பாட்டியல் நடத்துகிறார். நான் தமிழ் நடத்துகிறேன். மாணவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் ‘இன்னாத்துக்கு மேடம்’. அது அவருக்கும் தெரியும். யார் வைத்தது என்று கண்டுபிடிக்க ஒரு பருவம் முழுக்க முயன்றார் என்று கேள்வி.

ஆட்டோவில் ஏறுமுன் வண்டியின் எண்ணைப் படம் எடுத்துக் கணவருக்கு அனுப்புவார். பழகிய ஓட்டுநர்கள் அவரைக் கண்டதும் தாங்களே வண்டியைத் திருப்பி, பின்பக்கத்தைக் காட்டி நிறுத்துவார்கள். தேரடிப் பக்கம் ஜவுளிக் கடையில் தள்ளுபடி என்று பலகை மாட்டினால், அந்தக் கடைக்கு ஒரு மாதம் போகமாட்டார். "கம்மியா குடுக்கறான்னா வேற எங்கியோ ஜாஸ்தியா எடுக்கறான்னு அர்த்தம் சார்." கணவர் ரபீக் செங்கம் ரோட்டில் இருசக்கர வண்டிகளுக்கு உதிரிபாகம் விற்கிறார். சாதுவான மனிதர். ஒருமுறை என்னிடம் சொன்னார்: "வீட்ல பெல் அடிச்சிட்டு நான்தான்னு சொன்னா பத்தாது சார். எந்த நான்னு கேப்பா."

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டதில்லை. ஒருநாள் அவராகவே சொன்னார். கல்யாணமான புதிதில் வேங்கிக்கால் பக்கம் புதிய மனைகளில் வாடகைக்கு வீடு தேடியிருக்கிறார்கள். போனில் பேசும்போது எல்லோரும் வாங்க வாங்க என்பார்களாம். கடைசியில் பெயர் கேட்பார்கள். பெயரைச் சொன்னதும் அந்த வீட்டுக்கு நேற்றே வேறு யாரோ முன்பணம் கொடுத்துவிட்டிருப்பார்கள். இதை அவர் வருத்தமாகச் சொல்லவில்லை, பாடம் நடத்துகிற குரலிலேயே சொன்னார். மாணவர்கள் செய்து காட்டும் எந்தச் செயலியிலும் முதல் திரையிலேயே பெயர் கேட்கும் கட்டம் இருந்தால் அவர் முகம் ஏன் சுருங்குகிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

போன ஆண்டு பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. வெவ்வேறு துறை மாணவர்கள் ஒன்றாக உட்கார்ந்து கைப்பேசிச் செயலி செய்யக் கற்க வேண்டும், முடிந்தால் இரண்டு கல்லூரிகள் கைகோக்க வேண்டும் என்பது அதன் சாரம். எங்கள் கணினி மாணவர்களோடு, கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து சமூகப்பணி மாணவர்கள் சேர்ந்தார்கள். திரையில் வரும் சொற்களை எழுதிக்கொடுக்க நான். பொறுப்பாளர் பேகம். அறிவிப்பைப் படித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, இதனால் யாருக்கு என்ன லாபம் என்பதுதான். முதல்வர் திருமலை, மாணவர்களுக்குத்தான் என்றார். பேகம் தலையாட்டினார். நம்பினார் என்று சொல்ல முடியாது.

முதல் வகுப்பில் இரண்டு கூட்டமும் இரண்டு மூலைகளில் உட்கார்ந்தன. கணினி மாணவர்களில் கெட்டிக்காரன் விமல்ராஜ். வந்தவர்கள் ஐடியா சொல்வதற்கு மட்டும்தான் ஆவார்கள் என்று என் காதருகே வந்து சொன்னான். அந்தப் பக்கத்திலிருந்து உயரமாக ஒருவன் எழுந்தான். பெயர் வல்லரசு.

"எங்கள வெளிய அலையறதுக்கு மட்டும் வெச்சிக்கப் போறீங்களா மேடம், இல்ல கம்ப்யூட்டர் கோடும் கத்துக் குடுப்பீங்களா?"

"உனக்கு இன்னாத்துக்கு கோடு?"

"நாளைக்கு யார் செஞ்சதுன்னு கேட்டா நாங்களும்தான்னு சொல்றதுக்கு."

பேகம் விமல்ராஜுக்குப் பக்கத்து நாற்காலியைக் காட்டினார். அன்றே ஒரு விதி போட்டார். ஒரு கணினிக்கு இரண்டு பேர், ஒவ்வொரு கல்லூரியிலிருந்தும் ஒருவர். தெரிந்தவர் விசைப்பலகையைத் தொடக்கூடாது, வாயால் மட்டும் சொல்ல வேண்டும். தெரியாதவர்தான் தட்ட வேண்டும். வெளியே மக்களிடம் போகும்போது இது தலைகீழ். கணினி மாணவர்கள் பேச வேண்டும், சமூகப்பணி மாணவர்கள் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் நிற்க வேண்டும். விமல்ராஜ் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, ஓர் அரைப்புள்ளியை எங்கே போடுவது என்று வல்லரசுக்கு விளக்கப் படாதபாடு பட்டான். ஆட்டோ நிறுத்தத்தில் போய் ஒரு மனிதரிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று தெரியாமல் பிறகு அவனே வியர்த்து நின்றான். பேகம் இரண்டையும் ஒரே முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

என்ன செய்வது என்பதை மாணவர்களே முடிவு செய்தார்கள். பௌர்ணமிக்கு மலையைச் சுற்ற வரும் கூட்டத்தில் குடும்பங்கள் பிரிந்துபோவது இங்கே எல்லோரும் அறிந்தது. ஒலிபெருக்கியில் பெயர்கள் ஓயாமல் கேட்கும். சமூகப்பணி மாணவர்கள் ஏற்கெனவே பாதையில் உதவிக் கூடாரங்களில் தொண்டு செய்பவர்கள். வழி தவறி வந்தவரைக் கூடாரத்தில் உட்காரவைத்து, படம் எடுத்துச் செயலியில் போட்டுவிட்டால், தேடுகிறவர் தன் கைப்பேசியில் பார்த்து நேரே வந்துவிடலாம். நான் ‘வழித்துணை’ என்று பெயர் வைத்தேன். நல்ல பெயராக இருப்பதே தனக்கு உறுத்துகிறது என்றார் பேகம். ஆனாலும் விட்டுவிட்டார்.

வகுப்பிலேயே சோதித்துப் பார்த்தார்கள். ஒருவரையொருவர் தொலைந்தவர்களாக்கிப் படம் பிடித்துக்கொண்டார்கள். ஒரே சிரிப்பு. மறுவாரம் தேவிப்ரியா என்ற சமூகப்பணி மாணவி அழுதுகொண்டு வந்தாள். ‘காணாமல் போனவர்’ என்ற வாசகத்தோடு அவளுடைய படம் உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் சுற்றிவிட்டது. ஆரணியிலிருந்து மாமா பதறிப்போய்ப் புறப்பட்டு வந்துவிட்டார். வீட்டில் பெரிய ரகளை.

பேகத்தின் சந்தேகம் நேராக வல்லரசு மேல் போனது. படங்கள் உள்ளே எங்கே எப்படிச் சேமிக்கப்படுகின்றன என்று அதற்கு முந்தின வாரம்தான் அவன் துருவித் துருவிக் கேட்டிருந்தான். வகுப்பு நடுவே அவன் முன்னால் போய் நின்று கையை நீட்டினார். அவன் கைப்பேசியைக் கொடுத்தான். கடவுச்சொல்லையும் சொன்னான். பேகம் நின்றபடியே தேடினார். எதுவும் இல்லை.

"அழிச்சிட்டியா?"

வல்லரசு கைப்பேசியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனான். அடுத்த வகுப்புக்கு அவன் வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. அவனுடைய கல்லூரியில் கேட்டதற்கு, வேறு பாடம் எடுத்துக்கொண்டான் என்றார்கள். தப்பு செய்தவன்தான் ஓடுவான் என்று பேகம் என்னிடம் சொன்னார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

சித்திரைப் பௌர்ணமி அன்று செயலியை நிஜமாகவே வைத்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. செயலியை இறக்கிக்கொள்ளச் சொல்லி வழியெங்கும் அட்டை ஒட்டியிருந்தோம். அடி அண்ணாமலையைத் தாண்டிப் பாதையோரம் துணிப்பந்தல். உள்ளே ஒரு திரைச்சீலை கட்டி, முடியாதவர்கள் படுத்துக்கொள்ளப் பின்பக்கத்தில் பெஞ்சு போட்டிருந்தார்கள். பிற்பகல் வெயில் தாரிலிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. பொழுது சாய்ந்தபிறகு நடக்கலாம் என்று விவரமானவர்கள் நிழலில் காத்திருக்க, அவசரக்காரர்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். நான் மோர் ஊற்றிக்கொடுக்கும் வேலையில் இருந்தேன்.

பந்தலுக்கு எதிரே ஒரு பெண் சரிந்து விழுந்தாள். வயது இருபத்தைந்துக்கு மேல் இருக்காது. காலில் செருப்பில்லை, கையில் பையும் இல்லை. தேவிப்ரியாவும் இன்னொருத்தியும் தாங்கிக் கொண்டுவந்து பின்பக்கப் பெஞ்சில் படுக்கவைத்து, உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார்கள். அவள் கண்ணைச் சரியாகத் திறப்பதற்குள் விமல்ராஜ் படம் எடுத்து, ‘மயங்கி விழுந்தவர், நலமாக இருக்கிறார்’ என்று குறிப்பும் போட்டு ஏற்றிவிட்டான். விதி அப்படித்தான் இருந்தது. விதியை எழுதியது நாங்கள் எல்லோரும் சேர்ந்து.

பேகம் பெயரைக் கேட்டபோது அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, ராஜம்மாள் என்றாள். இந்த வயதுப் பெண்ணுக்கு இந்தப் பெயரை இப்போது யாரும் வைப்பதில்லை. பேகம் என்னைப் பார்த்தார். ஆனால் அவளிடம், "சரிம்மா ராஜம்மா, தண்ணிய மெதுவா குடி" என்றுமட்டும் சொன்னார்.

சிறிது நேரத்தில் ஒருவன் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூட்டத்தை விலக்கி வந்தான். சலவைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி. திரையில் அந்தப் பெண்ணின் படம். "இவங்க என் ஒய்ஃப்பு. எங்க இருக்காங்க?"

விமல்ராஜ் கைதட்டினான். மற்றவர்களும் தட்டினார்கள். செயலி வேலை செய்கிறது. கண்ணெதிரே ஒரு குடும்பம் சேரப்போகிறது. ஒருத்தி இதைக் காணொளி எடுக்கவே தொடங்கிவிட்டாள். பேகம் அவளுடைய கையைத் தாழ்த்திவிட்டு, அவன் முன்னால் போய் நின்றார். பெயர் என்ன, எந்த ஊர், எப்போது பிரிந்தீர்கள், அடையாளம் என்ன. அவன் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னான். கல்யாணப் படம் காட்டினான். ஆதார் அட்டையின் படத்தைக் காட்டினான். அவளுடைய முகம்தான். பெயர் மட்டும் வேறு, இந்தக் காலத்துப் பெயர். ஒன்றும் பொய்யில்லை. எனக்கு நிம்மதியாகிவிட்டது. பேகத்தின் முகம் மட்டும் மாறவில்லை. ஒரு நிமிஷம் இருங்க என்று சொல்லிவிட்டுத் திரைச்சீலைக்குப் பின்னால் போனார். நானும் மோர்ச் செம்போடு போனேன்.

"இன்னா மேடம்? எல்லாம் சரியாத்தானே சொல்றாரு?" என்றேன்.

"எல்லாம் சரிதான் சார். மயங்கி விழுந்தவங்கன்னு அதுல போட்டிருக்கு. இப்ப எப்படி இருக்கான்னு ஒரு வார்த்த கேக்கலியே அவரு."

பெஞ்சில் அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்திருந்தாள். வெளியே கேட்ட குரல் அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். செம்பை வாங்கியவள் குடிக்காமல் திரைச்சீலையையே பார்த்தாள். பேகம் குனிந்து, தேடிக்கொண்டு ஒருவர் வந்திருப்பதாகச் சொல்லி, கைப்பேசியில் இருந்த படத்தைக் காட்டினார். அவள் தன் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள்.

"இத யாருங்க போட்டது?"

"நாங்கதான்."

"நான் தொலஞ்சி போவலங்க."

எங்களில் யாருக்கும் அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. தேவிப்ரியாவுக்குத்தான் தெரிந்தது. இதற்கெல்லாம் தாங்கள் படித்திருப்பதாகவும், எங்கே போகவேண்டும் என்பதை அந்த அக்காதான் முடிவு செய்யவேண்டும் என்றும், பந்தலுக்குப் பின்னால் பணியில் இருக்கும் பெண் காவலரைத் தனக்குப் பழக்கம் என்றும் சொன்னாள். முந்தின மாதம் வகுப்பில் அழுத பெண் இவள்தானா என்று பார்த்தேன். குரலில் ஒரு பிசிறு இல்லை.

போவதற்கு முன் அந்தப் பெண் பேகத்தைத்தான் சந்தேகமாகப் பார்த்தாள். இந்தப் போன் தான் போகும் இடத்தையும் காட்டுமா என்று கேட்டாள். காட்டாது என்று பேகம் சொல்லிப் பார்த்தார். அவள் நம்பவில்லை. பேகம் அவள் கண்ணெதிரிலேயே படத்தை அழித்தார், குறிப்பை அழித்தார், கைப்பேசியை அணைத்தார். அவள் அதை வாங்கி, கறுத்துக் கிடந்த திரையை இருபுறமும் திருப்பிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

பின்பக்கத் துணியைத் தூக்கிக்கொண்டு தேவிப்ரியாவும் அவளும் காவலரை நோக்கிப் போக, பேகம் முன்பக்கமாக வந்தார். அந்த ஆளிடம் மறுபடியும் கேள்வி கேட்க ஆரம்பித்தார். ஆதாரில் இனிஷியல் ஏன் ஒன்றுதான் இருக்கிறது, கல்யாணப் படம் எந்த மண்டபத்தில் எடுத்தது, அந்த மண்டபத்தில் மின்தூக்கி உண்டா, எந்தப் பேருந்தில் வந்தீர்கள், நடத்துநர் எப்படி இருப்பார். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டே வந்தான். பேகம் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி, மறுபடி சொல்லுங்க என்றார். அப்படி விடாமல் அவர் கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. எந்தப் பதிலும் அவர் காதில் விழுந்ததாகவும் தெரியவில்லை. தேவிப்ரியா தனியாகத் திரும்பி வந்து மோர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்றபிறகுதான் நிறுத்தினார்.

"அவங்க கெளம்பிட்டாங்க."

அவன் திரைச்சீலையைப் பிடுங்கி எறிந்தான். காலிப் பெஞ்சைப் பார்த்தான். அந்தப் பெண் காவலர் வந்து நின்று, அந்தப் பெண் வயது வந்தவர், விருப்பப்பட்டுத்தான் போனார் என்று சொன்னபிறகும் அவன் அடங்கவில்லை. பேகத்தின் பெயரைக் கேட்டான். அவர் சொன்னார். ஓஹோ என்றான். அந்த ஓஹோவில் இருந்தது என்ன என்று எனக்கும் புரிந்தது, பேகத்துக்கும் புரிந்தது.

மறுநாளே கல்லூரிக்குப் புகார் வந்தது. அவன் தனியாக வரவில்லை, நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து முதல்வர் அறையில் உட்கார்ந்தான். ஆள் சேர்க்கும் செயலி என்று சொல்லி ஆளைக் கடத்துகிறார்கள் என்பது அவன் பேச்சு. அவர்கள் போனபிறகு திருமலை பேகத்தையும் என்னையும் கூப்பிட்டார். அந்தப் பெண் எங்கே போனாள் என்று கேட்டார். தெரியாது என்றார் பேகம். கேட்கவில்லையா என்றார். கேட்கவில்லை என்றார்.

திருமலை நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "மேடம், கேண்டீன்ல வடைக்கு எந்த எண்ணெய்னு ரசீது கேக்கறவங்க நீங்க. இத கேக்கலன்னா நான் எப்படி நம்பறது?"

கல்லூரியில் யாருமே நம்பவில்லை. எல்லாவற்றையும் விசாரிக்கிற பேகத்துக்குத் தெரியாமல் எப்படி இருக்கும், எங்கேயோ ஒளித்துவைத்திருக்கிறார் என்று ஆசிரியர் அறையில் குசுகுசுப்பு ஓடியது. கேண்டீனில் யாரும் அவரிடம் கைப்பேசியை நீட்டவில்லை. அவர் மேசையில் நான் மட்டும் உட்காருவேன். ஒருநாள் நானே கேட்டுவிட்டேன், நிஜமாகவே தெரியாதா என்று. அந்தக் கேள்வி அவரைக் காயப்படுத்தியது. அது முகத்தில் தெரிந்தது. டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும் சார். தெரிஞ்சிருந்தா பிரின்சிபால் கேட்டப்ப என் மூஞ்சியே காட்டிக் குடுத்திருக்கும். தேவிப்ரியாவுக்குத் தெரியும். எனக்குத் தெரிய வேணாம்."

பொறுப்பாளர் பதவி முருகவேல் என்ற இன்னொரு பேராசிரியருக்குப் போயிற்று. பௌர்ணமிச் சோதனை நிறுத்தப்பட்டது. முருகவேல் கையெழுத்துப் போடுவதோடு சரி, வகுப்பை எப்போதும்போல் பேகமே நடத்தினார். செயலியை அடியிலிருந்து மறுபடி செய்வது என்று மாணவர்களிடம் சொன்னார். படம் கிடையாது. தேடுகிறவர் தன் எண்ணைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கவேண்டும். கூடாரத்தில் இருப்பவரிடம், உங்களைத் தேடி ஒருவர் வந்திருக்கிறார், பார்க்கிறீர்களா என்று கேட்கவேண்டும். அவர் வேண்டாம் என்றாலும், அப்படி ஒருவர் கூடாரத்துக்கே வரவில்லை என்றாலும், தேடுகிறவருக்கு வருவது ஒரே செய்தியாக இருக்கவேண்டும். இரண்டுக்கும் ஓர் எழுத்துகூட வித்தியாசம் இருக்கக்கூடாது.

சொற்களுக்காக என்னைப் பாடாய்ப் படுத்தினார். ‘காணாமல் போனவர்’ என்பதை எல்லாத் திரைகளிலிருந்தும் எடுக்கச் சொன்னார். "யாரு காணாமப் போனாங்கன்னு நாம எப்படி சார் முடிவு பண்றது?" ‘கூடாரத்தில் இருப்பவர்’ என்று மாற்றினோம். மறுக்கிறவருக்கான பொத்தானில் ‘எனக்கு விருப்பமில்லை’ என்று எழுதிக் கொடுத்தேன். பொண்ணு பார்க்க வந்த இடத்தில் சொல்வதுபோல் இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார். ‘மறுக்கிறேன்’ என்றேன். மயக்கம் தெளிந்தவள் இவ்வளவு பெரிய வார்த்தையை எங்கே படிப்பாள் என்றார். கடைசியில் ‘இப்ப வேண்டாம்’ என்று எழுதினேன். இலக்கணப்படி ‘இப்போது’ என்றிருக்க வேண்டும் என்பது என் வாதம். தோற்றேன். அந்தப் பொத்தானும் ‘பார்க்கிறேன்’ பொத்தானும் ஒரே அளவு, ஒரே நிறம். எது நல்ல பதில் என்று திரை சொல்லிக்கொடுக்கக்கூடாது என்பதில் விடாப்பிடியாக இருந்தார்.

செயலியின் பழைய நிரலை வரிவரியாகப் படித்துக் கழித்துக்கொண்டே வந்தபோதுதான் அது அகப்பட்டது. செயலி எடுக்கும் படம் தன் பெட்டகத்தில் சேர்வதோடு, கைப்பேசியின் பொதுவான படத்தொகுப்பிலும் வாசகத்தோடு ஒரு பிரதி விழும்படி ஒரு வரி இருந்தது. விமல்ராஜ் வசதிக்காக எழுதியது. அன்று வகுப்பில் தேவிப்ரியாவைப் படம் எடுத்தது அவளுடைய சொந்தக் கைப்பேசியில். வீட்டில் தம்பி அதை எடுத்து விளையாட்டாகக் குழுவில் போட்டிருக்கிறான். கேட்டபோது அவனே ஒப்புக்கொண்டான். யாரும் திருடவில்லை. வல்லரசுக்கு அதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. அந்த வரியைப் பார்த்து, சரி என்று ஒப்புதல் கொடுத்தவர் பேகம்.

அன்று வகுப்பை முன்னதாகவே விட்டுவிட்டார். மறுநாள் காலை என்னிடம் வந்து, கீழ்பென்னாத்தூர் போகவேண்டும், சாட்சிக்கு ஒருவர் வேண்டும், வருகிறீர்களா என்றார். எதற்குச் சாட்சி என்று நான் கேட்கவில்லை. பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வெளியே பிடுங்கிப் போட்ட மணிலாக் கடலைக் கொடிகளைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

வல்லரசு கல்லூரி வாசலில் வண்டிக்காரரிடம் கரும்புச்சாறு குடித்துக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்தான்.

"மறுபடியும் ஏதாச்சும் காணாமப் போச்சா மேடம்?"

பேகம் தோள்பையிலிருந்து மடிக்கணினியை எடுத்தார். சாறு வண்டியின் பலகை ஓரத்திலேயே வைத்துத் திறந்தார். அந்த வரியைக் காட்டி, அது என்ன செய்கிறது, படம் எங்கே விழுகிறது, அங்கிருந்து எப்படி வெளியே போனது என்று தொடக்கத்திலிருந்து விளக்கினார். வகுப்பில் நடத்துவதைப்போலவே, நடுவில் நிறுத்திப் புரிகிறதா என்று கேட்டபடி. மன்னிப்பு என்ற சொல் எங்காவது வரும் என்று நான் காத்திருந்தேன். வரவில்லை. வல்லரசு முழுவதையும் கேட்டான்.

"இந்த லைன யார் ஓகே பண்ணது?"

"நான்தான்."

அவன் டம்ளரை எடுத்து மிச்சத்தைக் குடித்தான். யோசித்துச் சொல்வதாகச் சொன்னான். திரும்பி வரும்போது, வருவான் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டேன். "வந்தா, இன்னாத்துக்கு வந்தான்னு யோசிக்கணும்" என்றார். அதைச் சொல்லும்போது குரலில் வழக்கமான உறுதி இல்லை.

மறுவாரம் அவன் வந்தான். யாரிடமும் பேசாமல் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தான். விமல்ராஜ் எழுந்து போய்ப் பக்கத்தில் உட்காரலாமா என்பதுபோல் பார்த்தான். வல்லரசு தன் பையை எடுத்துப் பக்கத்து நாற்காலியில் வைத்தான். பேகம் பாடத்தைத் தொடங்கினார். பாதியில் நிறுத்தினார்.

செயலியில் இப்போது படங்கள் இல்லாவிட்டாலும், தேடிவருகிறவர்களின் எண்களும் கூடாரத்தில் இருப்பவர்கள் சொன்ன பதில்களும் சேரும் பெட்டகம் ஒன்று உண்டு. அதன் கடவுச்சொல் அன்றுவரை பேகம் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கடைசி வரிசைக்கு நடந்தார். கடவுச்சொல்லை மாற்றும் திரையைத் திறந்து வல்லரசுக்கு முன்னால் வைத்தார்.

"புதுசு ஒண்ணு போடு. விமலுக்குச் சொல்லாத. எனக்கும் சொல்லாத."

வல்லரசு திரையைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். இதில் என்ன சூது இருக்கிறது என்று தேடுகிற பார்வை. விசைப்பலகை மேல் அவன் கை போகவே இல்லை.

பேகம் பக்கத்தில் கிடந்த நாற்காலியை இழுத்து, அவனுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தார். பிறகு மூக்குக்கண்ணாடியையும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பின்னால் விசைகள் தட்டப்படும் ஓசை தயங்கித் தொடங்கியது. அது நின்று வெகுநேரம் ஆனபிறகும் அவர் திரும்பவில்லை.